டெர்மினலில் ஓடும் சிஜிஐ ஸ்கிரிப்ட் சர்வரில் ஏன் விழுகிறது?

வெப் சர்வர் ஒரு புரோகிராமை ஓட்டி, அது எழுதுவதையே பக்கமாக உலாவிக்கு அனுப்பும் முறைக்கு சிஜிஐ என்று பெயர். பல வருடமாக ஓடிய சிஜிஐ ஸ்கிரிப்டைப் புதிய சர்வருக்கு மாற்றியதும் உலாவியில் வருவது பெரும்பாலும் 500 இன்டர்னல் சர்வர் எரர்தான். அப்பாச்சி வெப் சர்வரின் 2.4 பதிப்பில், பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகில் ‘எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் அவுட்புட் பிஃபோர் ஹெடர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். 2.2 காலத்தில் இதே செய்தி ‘பிரிமெச்சூர் எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் ஹெடர்ஸ்’ என்று வந்தது. அதே ஸ்கிரிப்டை டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாமல் எச்டிஎம்எல்லைக் கொட்டும். இந்தக் கட்டத்தில் பலருடைய கை ஃபைலின் பெர்மிஷனை 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்) ஆக்கப் போகிறது. அதனால் தீராத கோளாறுகளே அதிகம், சில சர்வர்களில் அதுவே புதுக் கோளாறாகவும் மாறும்.

அந்த லாக் வரிக்கு உள்ள பொருள் இவ்வளவுதான்: சர்வர் ஒரு புரோசஸைத் தொடங்கியது, ஹெடர் பகுதியை (உள்ளடக்கத்துக்கு முன் போகும் விவர வரிகளை) முடிக்கும் முன்பே அது நின்றுபோனது. நின்றதற்கான காரணம் அந்த வரியில் இருக்காது, அதை ஒட்டிய வரிகளில் இருக்கும். அப்பாச்சியில் ‘ஏஎச்01215’ என்ற எண்ணோடு வருபவை ஸ்கிரிப்ட் தானே எஸ்டிடி-எரரில் (பிழைச் செய்திகளுக்கான வெளியீட்டில்) எழுதியவை. முதலில் தேட வேண்டியவை அவைதான்.

சிஜிஐ முறை 1993-இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தின் வெப் சர்வரோடு பிறந்தது. அது ஆர்எஃப்சி 3875 என்ற ஆவணமாக எழுத்தில் வந்தது 2004 அக்டோபரில். அதுவும் தகவல் வகை ஆவணம்தான், கட்டாயத் தரம் அல்ல. இடையில் போன பதினோரு ஆண்டுகளில் ஒவ்வொரு சர்வரும் தன் போக்கில் வளர்ந்துவிட்டது. எல்லோரும் ஒத்துக்கொண்ட பகுதி மிகச் சிறியது. சர்வர் கோரிக்கையின் விவரங்களைச் சூழல் மாறிகளில் நிரப்பும், உலாவி அனுப்பிய தரவை (போஸ்ட் உடலை) எஸ்டிடி-இன் என்ற உள்ளீட்டின் வழியாகத் தரும். ஸ்கிரிப்ட் ஹெடர்கள், ஒரு வெற்று வரி, பிறகு உள்ளடக்கம் என்று எஸ்டிடி-அவுட் என்ற வெளியீட்டில் எழுதும். எந்தப் பயனராக ஓடுவது, எந்த லோகேல் (மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பு), எந்த பாத் (கமாண்டுகளைத் தேடும் டைரக்டரிப் பட்டியல்), எந்தெந்த ஹெடர்கள் உள்ளே வரும் என்பதையெல்லாம் ஒப்பந்தம் உறுதியாகச் சொல்லவில்லை. பொருந்தாமை முளைப்பது பெரும்பாலும் இந்தச் சொல்லாத பகுதியில்தான். டெர்மினலில் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் உங்கள் ஷெல் இவை அனைத்தையும் சத்தமில்லாமல் நிரப்பித் தருவதால், டெர்மினலில் ஓடியது என்பது சர்வரில் ஓடுவதற்குச் சான்று ஆகாது.

முதல் வரியில் இருக்கும் சிக்கல்கள்

லாகில் ‘(2) நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’, ‘எக்ஸெக் ஃபெயில்ட்’ என்று வந்தால், ‘ஃபைல் இருக்கிறதே!’ என்று குழம்புவார்கள். இல்லாமல் போனது ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓட்ட வேண்டிய இன்டர்பிரிட்டர். விண்டோஸில் திருத்திய ஃபைலில் ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளோடு முடியும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், முதல் வரியில் ‘#!’-க்குப் பின்னால் உள்ள இன்டர்பிரிட்டரின் பாதையை 10 வரை படிக்கிறது. அதனால் அது தேடுவது ‘/யுஎஸ்ஆர்/பின்/பெர்ல்’ என்பதோடு 13-ஆம் பைட்டும் ஒட்டிய பெயரை. அப்படி ஒரு புரோகிராம் எங்கும் இல்லை. டெர்மினலில் நீங்கள் ‘பெர்ல்’ என்று தட்டி, பக்கத்தில் ஃபைல் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். அங்கே கெர்னல் அந்த முதல் வரியைப் பார்க்கவே இல்லை. ஆகவே சோதிக்கும்போது எப்போதும் ஸ்கிரிப்டை அதன் பாதையைக் கொண்டே நேரடியாக ஓட்ட வேண்டும்.

அடுத்தது ‘(8) எக்ஸெக் ஃபார்மட் எரர்’. ‘#!’ வரி இல்லை, அல்லது அதற்கு முன்னால் யூடிஎஃப்-8 எடிட்டர் போட்ட 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. எடிட்டரில் அவை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெர்னல் முதல் இரண்டு பைட்டுகளை மட்டுமே பார்த்து முடிவெடுக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கெர்னல் மறுத்தால் பாஷ் என்ற ஷெல் அந்த ஃபைலைத் தானே ஷெல் ஸ்கிரிப்டாக எண்ணி ஓட்டிப் பார்க்கும். அப்பாச்சி அப்படிச் செய்வதில்லை. ‘#!’ வரியே இல்லாத ஷெல் ஸ்கிரிப்ட் டெர்மினலில் நன்றாக ஓடி சர்வரில் மட்டும் விழுவது இதனால்தான். சந்தேகம் வந்தால் ஃபைலின் முதல் சில பைட்டுகளை ‘ஓடி’ அல்லது ‘எக்ஸ்எக்ஸ்டி’ கமாண்டில் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

‘(13) பெர்மிஷன் டினைட்’ வந்தால் எக்ஸிக்யூட் பிட்டை (ஓட்டும் உரிமையை) மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. மேலே உள்ள ஒவ்வொரு டைரக்டரிக்கும் சர்வர் பயனருக்கு ‘எக்ஸ்’ உரிமை வேண்டும். அந்தப் பார்ட்டிஷன் ‘நோஎக்ஸெக்’ (எதையும் ஓட்டக் கூடாது) என்று மவுண்ட் ஆகியிருந்தால் எந்தப் பெர்மிஷனும் உதவாது. ரெட்ஹேட் வழிவந்த சிஸ்டங்களில் எஸ்இலினக்ஸும் உண்டு, அது ஃபைலில் ஒட்டியுள்ள லேபிளைப் பார்த்து அனுமதி தரும் கூடுதல் காவல். ஹோம் டைரக்டரியில் எழுதிய ஸ்கிரிப்டை ‘எம்வி’ கொண்டு நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும், ‘சிபி’ கொண்டு நகலெடுத்தால் புதிய இடத்தின் லேபிள் கிடைக்கும். ‘எல்எஸ்’ கமாண்டில் பெரிய ‘இசட்’ ஆப்ஷன் போட்டுப் பார்த்தால் சிஜிஐ ஃபைலுக்கு ‘எச்டிடிபிடி_சிஸ்_ஸ்கிரிப்ட்_எக்ஸெக்_டி’ என்ற லேபிள் தெரிய வேண்டும். இல்லையென்றால் ‘ரீஸ்டோர்கான்’ சரிசெய்யும். எஸ்இலினக்ஸையே அணைத்து வைப்பது தீர்வு ஆகாது. அந்தச் சர்வரில் ஓடும் மற்ற எல்லாவற்றின் காவலையும் ஒரு லேபிளுக்காக எடுத்துவிடுகிறீர்கள்.

இப்போது 777. சேர்ந்து பயன்படுத்தும் ஹோஸ்டிங்கில் பெரும்பாலும், ஸ்கிரிப்டை அதன் உரிமையாளரின் பெயரில் ஓட்டும் அப்பாச்சியின் துணைப் புரோகிராமான ‘சுஎக்ஸெக்’ வழியாகத்தான் சிஜிஐ ஓடும். அது வேண்டுமென்றே கண்டிப்பானது. ஸ்கிரிப்டையோ அது இருக்கும் டைரக்டரியையோ குரூப் அல்லது பிறர் எழுத முடியும் என்றால் ஓட்ட மறுத்துவிடும். ஃபைலின் உரிமையாளரும் குரூப்பும் கான்ஃபிகில் குறிப்பிட்டவர்களாகவே இருக்க வேண்டும், பாதையும் கம்பைல் செய்யும்போது நிர்ணயித்த மூல டைரக்டரிக்குள் இருக்க வேண்டும். இவற்றில் எது பிசகினாலும் எரர் லாகில் அதே பழைய ‘ஹெடர்ஸ்’ வரிதான் வரும், உண்மைக் காரணம் சுஎக்ஸெக்கின் தனி லாகில் இருக்கும். 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) வைத்தால் ஓடும் ஸ்கிரிப்ட் 775 (குரூப்பும் எழுதலாம்) ஆனதும் நின்றுவிடும். மேலும், சுஎக்ஸெக் சூழல் மாறிகளையும் வடிகட்டுகிறது. ‘எச்டிடிபி_’ என்று தொடங்குபவையும் அதன் உள்பட்டியலில் உள்ளவையும்தான் தாண்டி வரும். அப்பாச்சி கான்ஃபிகில் ‘செட்என்வ்’ போட்டு நீங்களாக ஒரு பெயரில் அனுப்பிய மாறி ஸ்கிரிப்டுக்கு வந்து சேராததன் காரணம் இது.

ஹெடருக்கு முன்னால் புகுந்துவிடும் எழுத்துகள்

‘மால்ஃபார்ம்ட் ஹெடர் ஃப்ரம் ஸ்கிரிப்ட்’ என்ற செய்தி வந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் சர்வர் எந்த வரியைக் கண்டு தடுமாறியதோ அதையே ‘பேட் ஹெடர்’ என்று காட்டிவிடும். அங்கே ‘எச்டிடிபி/1.0 200 ஓகே’ என்று இருந்தால், ஸ்கிரிப்ட் ஸ்டேட்டஸ் வரியைத் தானே எழுதும் பழக்கத்தோடு மைக்ரோசாஃப்டின் பழைய ஐஐஎஸ் சர்வர் போன்ற இடத்திலிருந்து வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சிஜிஐயில் அந்த வரி சர்வரின் வேலை. ஸ்கிரிப்ட் ‘ஸ்டேட்டஸ்: 404 நாட் ஃபவுண்ட்’ என்ற ஹெடரை மட்டும் எழுதினால் போதும்.

அடிக்கடி வருவதும் கண்டுபிடிக்க நேரம் தின்பதும் பஃபர் (அவுட்புட்டைச் சேர்த்துவைக்கும் இடம்) கெடுக்கும் வரிசைதான். பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று கன்டென்ட்-டைப் ஹெடரையும் வெற்று வரியையும் பிரிண்ட் செய்துவிட்டு, சிஸ்டத்தின் பெயரைச் சொல்லும் ‘யுநேம்’ கமாண்டைத் தனிப் புரோசஸாக ஓட்டுகிறது என்று வையுங்கள். டெர்மினலில் பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே அனுப்பும், வரிசை சரியாக இருக்கும். சர்வரில் எஸ்டிடி-அவுட் ஒரு பைப் (ஒரு புரோசஸின் அவுட்புட்டை இன்னொன்றுக்குத் தரும் குழாய்). அங்கே பைத்தான் சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதற்குள் யுநேமின் ‘லினக்ஸ்’ என்ற சொல் முந்திக்கொண்டு பைப்புக்குள் போய்விடும். லாகில் ‘பேட் ஹெடர்: லினக்ஸ்’ என்று விழும். வெளிக் கமாண்டை அழைக்கும் முன் ஃப்ளஷ் செய்தால் (சேர்ந்ததை உடனே வெளியே தள்ளினால்) தீர்ந்தது. பெர்லில் ‘$|’ மாறியை 1 ஆக்க வேண்டும். இதைச் சர்வர் இல்லாமலே பிடிக்கலாம்: ஸ்கிரிப்டின் அவுட்புட்டை ‘கேட்’ கமாண்டுக்குப் பைப் செய்து பாருங்கள். வரிசை மாறிய அவுட்புட் டெர்மினலிலேயே தெரிந்துவிடும்.

ஹெடர் விதிகள் இப்போது முன்பைவிட இறுகியிருக்கின்றன. அப்பாச்சி 2.4.25 முதல் கண்டிப்பான எச்டிடிபி விதிகள் இயல்பாகவே அமலில் உள்ளன. ஹெடர் பெயரில் இடைவெளி வைத்து எழுதிய பழைய ஸ்கிரிப்டுகள் அதுவரை ஓடி, அப்டேட் ஆன பிறகு 500 தருவது அதனால். ஸ்கிரிப்டைத் திருத்துவதே நல்லது. விதியைத் தளர்த்தினால் மொத்தச் சர்வரும் தளர்ந்துபோகும்.

ஷெல்லை உரித்துவிட்டுச் சோதிப்பது

மேலே உள்ளவற்றைத் தாண்டியும் காரணம் தெரியவில்லை என்றால் சர்வரின் நிலையை டெர்மினலில் உருவாக்க வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் சர்வர் பயனரின் பெயர் ‘டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-டேட்டா’. ‘சுடோ’ கொண்டு அந்தப் பயனராகுங்கள். ‘என்வ்’ கமாண்டை ‘-ஐ’ ஆப்ஷனோடு தொடங்கினால் உங்கள் சூழல் மாறிகள் முழுவதும் துடைக்கப்படும். அதன் பிறகு சுருக்கமான ஒரு பாத், கேட்வே_இன்டர்ஃபேஸ், ரிக்வெஸ்ட்_மெத்தட், குவெரி_ஸ்டிரிங், ஸ்கிரிப்ட்_நேம், சர்வர்_புரோட்டகால் ஆகியவற்றை மட்டும் அதே வரியில் கொடுத்து, எஸ்டிடி-இன்னை ‘/டெவ்/நல்’-இலிருந்து எடுத்து, ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டுங்கள். ஹோம் மாறி இல்லை, பாஷ்ஆர்சி இல்லை, விர்ச்சுவல்என்வ் இல்லை, ‘எல்டி_லைப்ரரி_பாத்’ இல்லை. சர்வரில் விழுந்த ஸ்கிரிப்ட் இங்கேயும் அதே இடத்தில் விழும், இந்த முறை முழு எரர் செய்தியும் கண்ணெதிரே இருக்கும்.

இங்கே விழாமல் சர்வரில் மட்டும் விழுந்தால், சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, சர்வர் சர்வீஸுக்குப் போட்டிருக்கும் வேலியைப் பாருங்கள். டெபியனின் அப்பாச்சி சர்வீஸில் ‘பிரைவேட்டிஎம்பி’ இயங்குகிறது. ஸ்கிரிப்ட் காணும் ‘/டிஎம்பி’ வேறு, நீங்கள் காணும் ‘/டிஎம்பி’ வேறு. குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு கிரான் வேலை, நீங்கள் காணும் ‘/டிஎம்பி’-இல் வைத்த ஃபைலை சிஜிஐ ஸ்கிரிப்டால் ஒருபோதும் பார்க்க முடியாது.

தமிழில் பக்கம் தருபவர்களுக்கு லோகேல் தனித் தலைவலி. டெபியனில் அப்பாச்சியின் ‘என்வ்வார்ஸ்’ ஃபைல் ‘லாங்’ மாறியை ‘சி’ என்று வைக்கிறது. பைத்தான் 3.6 வரை அதன் பொருள் ஆஸ்கி. முதல் தமிழ் எழுத்தைப் பிரிண்ட் செய்யும்போதே ‘யுனிகோட்என்கோட்எரர்’ வரும். 3.7 முதல் ‘சி’ லோகேலையும் யூடிஎஃப்-8 ஆகவே பைத்தான் எடுத்துக்கொள்கிறது. பழைய பதிப்போடு இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் ‘பைத்தான்ஐஓஎன்கோடிங்’ மாறியை, சுஎக்ஸெக் இல்லாத இடத்தில், ‘செட்என்வ்’ வழியாக யூடிஎஃப்-8 என்று வையுங்கள். இன்னொன்று, உள்ளடக்கம் எத்தனை பைட்டு என்று சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரை ஸ்டிரிங்கின் நீளத்தைக் கொண்டு எழுதும் ஸ்கிரிப்டுகள். ‘வணக்கம்’ என்ற சொல் யுனிகோடில் 7 குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 21 பைட்டுகள். அந்த ஹெடரில் 7 என்று போனால் உலாவி ‘வண’ என்பதைத் தாண்டியவுடன் நிறுத்திவிடும். ஆங்கிலப் பக்கத்தில் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. தமிழ்ப் பக்கமோ மூன்றில் ஒரு பங்கில் அறுந்து நிற்கும். முதலில் பைட்டுகளாக மாற்றி, பிறகு நீளத்தை எண்ணுங்கள்.

என்ஜின்எக்ஸுக்கு மாறும்போது

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் சிஜிஐ புரோகிராமை நேரடியாக ஓட்டாது. நடுவில் ‘எஃப்சிஜிஐராப்’ போன்ற ஒன்று வேண்டும். என்ஜின்எக்ஸ் அதனிடம் ஃபாஸ்ட்சிஜிஐ என்ற நெறிமுறையில் பேசும், அது ஸ்கிரிப்டைத் தொடங்கும். 502 (நடுவில் உள்ள புரோகிராமிடமிருந்து பதில் இல்லை) வந்து லாகில் ‘(13: பெர்மிஷன் டினைட்)’ இருந்தால், இரண்டும் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட்டின் உரிமையைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் பெயரைப் பெற முடியவில்லை என்று எஃப்சிஜிஐராப் சொன்னால் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைத் தரும் ‘ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம்’ மாறி போய்ச் சேரவில்லை. என்ஜின்எக்ஸ் மூலத் தொகுப்பில் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. ‘ஃபாஸ்ட்சிஜிஐ.கான்ஃப்’-இல் அந்த மாறி உண்டு, ‘ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம்ஸ்’-இல் இல்லை. டைரக்டரியைச் சொல்ல ‘ரூட்’டுக்குப் பதில் ‘அலியாஸ்’ பயன்படுத்தினால், டாக்குமெண்ட்_ரூட்டோடு ஸ்கிரிப்ட் பெயரை ஒட்டும் வழக்கமான வரி, நிஜத்தில் இல்லாத ஒரு பாதையைத்தான் தரும். அங்கே முழுப் பாதையையும் கையால் எழுதுவதே பத்திரம். எஃப்சிஜிஐராப் இயல்பாக ஒரே ஒரு புரோசஸோடு தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 10 நொடி எடுக்கும் அறிக்கை ஒன்று ஓடினால் மற்ற எல்லோரும் அதன் பின்னால் காத்திருப்பார்கள். ‘-சி’ ஆப்ஷனில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

முகவரியில் ஸ்கிரிப்ட் பெயருக்குப் பின்னால் வரும் மீதிப் பாதையைத் தரும் பாத்_இன்ஃபோ மாறி இன்னொரு முட்டுக்கட்டை. அப்பாச்சி ஃபைல் எங்கே முடிகிறது என்று தானே பார்த்து மீதியைப் பாத்_இன்ஃபோவில் வைக்கும். என்ஜின்எக்ஸில் ‘ஃபாஸ்ட்சிஜிஐ_ஸ்பிலிட்_பாத்_இன்ஃபோ’ வரியில் அந்தப் பிரிவினையை நீங்கள்தான் எழுத வேண்டும். பழைய ஐஐஎஸ் ஸ்கிரிப்ட் பெயரையும் சேர்த்தே பாத்_இன்ஃபோவில் தந்தது. ஆகவே அங்கே எழுதிய ஸ்கிரிப்ட் முன்பகுதியை வெட்டும். அதே வெட்டு அப்பாச்சியில் நல்ல பகுதியைத் தின்றுவிடும்.

உள்ளே வராத ஹெடர்களும் இதே வகைக் கோளாறு. அனுப்புபவர் யார் என்று காட்டும் ஆதரைசேஷன் ஹெடரை அப்பாச்சி பாதுகாப்பு கருதி சிஜிஐக்கு அனுப்புவதில்லை. அதனால் அந்த ஹெடரில் உள்ள டோக்கனைச் சரிபார்க்கும் ஏபிஐ எல்லோருக்கும் 401 (அடையாளம் உறுதியாகவில்லை) சொல்லும். 2.4.13 முதல் ‘சிஜிஐபாஸ்ஆத் ஆன்’ என்ற ஒரு வரி போதும். பெயரில் அடிக்கோடு உள்ள ஹெடர்களை அப்பாச்சி 2.4-உம் என்ஜின்எக்ஸும் சத்தமின்றி விட்டுவிடுகின்றன. சூழல் மாறியாகும்போது சிறுகோடும் (-) அடிக்கோடும் (_) ஒன்றாகிவிடுவதால் ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழைய முடியும் என்பதே காரணம். ஹெடர் பெயரில் சிறுகோட்டைப் பயன்படுத்தினால் இரண்டிலும் வேலை செய்யும். எதிர்த்திசையில் ஒன்று, வரவே கூடாத ஹெடர். ‘பிராக்ஸி’ என்ற பெயரில் வெளியாள் அனுப்பும் ஹெடர் ‘எச்டிடிபி_பிராக்ஸி’ மாறியாகி, ஸ்கிரிப்டின் வெளிச்செல்லும் இணைப்புகளை அவர் சொல்லும் வழியில் திருப்பிவிடும். 2016 ஜூலையில் ‘எச்டிடிபாக்ஸி’ என்று வெளிவந்த ஓட்டை இது. எஃப்சிஜிஐராப்பை அழைக்கும் என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் அந்த மாறியை வெற்றாக வைக்கும் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

மொழியே மாறிவிட்டபோது

சர்வர் மீது பழி போடும் முன் இன்டர்பிரிட்டர் பதிப்பைப் பாருங்கள். பெர்ல் மொழியின் ‘சிஜிஐ.பிஎம்’ மாட்யூல் 2015-இல் வந்த 5.22-லிருந்து மூலத் தொகுப்பில் இல்லை, தனியாக நிறுவ வேண்டும். 2017-இன் 5.26, மாட்யூல் தேடும் பாதையிலிருந்து நடப்பு டைரக்டரியை எடுத்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் சிறு ‘.பிஎல்’ ஃபைலை ‘ரெக்வயர்’ செய்யும் 1990-களின் ஸ்கிரிப்டுகள் அன்றோடு விழுந்தன. பெயருக்கு முன் ‘./’ சேர்த்தால் எழுந்துவிடும். பைத்தானில் ‘சிஜிஐ.எஸ்கேப்’ 3.8-இல் போனது, அதன் இடத்தில் ‘எச்டிஎம்எல்.எஸ்கேப்’ இருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் ‘சிஜிஐ’ மாட்யூலே நீக்கப்பட்டது. ‘லெகசி-சிஜிஐ’ என்ற தொகுப்பை நிறுவினால் பழைய இம்போர்ட் வரி அப்படியே ஓடும். போனது மாட்யூல் மட்டும்தான், சிஜிஐ முறை அல்ல. சூழல் மாறிகளைப் படித்து எஸ்டிடி-அவுட்டில் எழுத எந்த மாட்யூலும் தேவையில்லை. கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட், சர்வர்களைக் கண்காணிக்கும் நேகியோஸ், வரைபடம் தரும் மேப்சர்வர் போன்றவை இன்றும் அப்படித்தான் பக்கம் தருகின்றன. சரியாக ஓடும் சிஜிஐயைப் பழசு என்பதற்காகவே தூக்கி எறியச் சொல்லும் ஆலோசனையை ஏற்க முடியாது.

விழாமல் தொங்கும் ஸ்கிரிப்டுகள்

பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து 60 நொடியில் 504 (காத்திருக்கும் நேரம் முடிந்தது) வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, எஸ்டிடி-இன்னை முடிவு வரும்வரை படிக்கும் ஸ்கிரிப்ட். முடிவுக்குறி தர வேண்டிய கடமை சர்வருக்கு இல்லை. கன்டென்ட்_லெங்த் சொல்லும் பைட்டுகளை மட்டும் படித்து நிறுத்த வேண்டும். இரண்டாவது, பின்னணியில் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு வெளியேறும் ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் முடிந்தாலும் அது பெற்ற பிள்ளைப் புரோசஸ் அதே பைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால் சர்வர் காத்திருக்கும். பிள்ளையின் எஸ்டிடி-இன், எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எரர் மூன்றையும் ‘/டெவ்/நல்’-க்குத் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

இவை பல ஒரே இடத்தில் கூடுவதைக் காண கிட்டின் ‘எச்டிடிபி-பேக்எண்ட்’ நல்ல உதாரணம். அது முழுக்க முழுக்க ஒரு சிஜிஐ புரோகிராம். என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் வைத்ததும் குளோன் (ரெப்போவை நகலெடுப்பது) ஓடும், புஷ் (மாற்றங்களை அதற்கு அனுப்புவது) மட்டும் 403 (அனுமதி மறுப்பு) தரும். உள்நுழைந்த பயனரின் பெயரைத் தரும் ரிமோட்_யூசர் மாறி நிரம்பியிருந்தால்தான் அது இயல்பாகப் புஷ்ஷை ஏற்கும், ஆகவே கான்ஃபிகில் அந்த மாறி அனுப்பப்படுகிறதா என்று பாருங்கள். அதைச் சேர்த்தபின் சிறிய புஷ்கள் போகும், பெரியவை 413 (அளவு மிக அதிகம்) பிழையில் நிற்கும். என்ஜின்எக்ஸின் ‘கிளையண்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்’ இயல்பில் 1 எம்பி. பலர் இங்கே கிட்டின் ‘போஸ்ட்பஃபர்’ அளவைக் கூட்டச் சொல்வார்கள். அது அனுப்பும் விதத்தை மாற்றுமே தவிர அனுப்பும் அளவைக் குறைக்காது. சர்வர் பக்கத்து வரம்பை அந்த லொகேஷனுக்கு மட்டும், உங்கள் ரெப்போவின் அளவுக்கு ஏற்ப உயர்த்தி ரீலோட் செய்தால் புஷ் போகும்.